கார் ஏசி பார்க்கக் கொடுத்து 18,500 ரூபாய் விட்ட கதை

இன்று மதியம்தான் உண்மை தெரிந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஏசி வேலைக்கு வண்டியை விடப் போகிறவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 2014 மாடல் சின்ன கார். மதுரையில் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஏசி மக்கர் பண்ண ஆரம்பித்தது. திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையில் போனால் ஜில்லென்று வரும். கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் இரண்டே நிமிஷத்தில் வெறும் காற்று. பின் சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொள்வார். வண்டி நகர்ந்தால் மறுபடி குளிர். வியாதி என்ன என்பது இதிலேயே இருந்திருக்கிறது. எனக்குப் புரியவில்லை, சரி. ஏசி மட்டுமே பார்க்கிற கடைக்காரருக்குமா புரியாது?

கடையில் பிரஷர் பார்க்கிற கேஜ் மாட்டினார்கள். நீல டியூப் குறைந்த பிரஷர் பக்கத்துக்கு, சிவப்பு டியூப் அதிக பிரஷர் பக்கத்துக்கு. சிவப்புப் பக்கம் முள் 350-ஐத் தாண்டி நின்றது. "பாத்தீங்களா சார், பிரஷர் எப்படி எகிறுதுன்னு? கம்ப்ரஸர் போச்சு." வீட்டில் காட்டலாம் என்று அதை போட்டோ எடுத்துக்கொண்டேன். கம்ப்ரஸர், கேஸ், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய் என்றார். நான் இழுத்தேன்.

அப்போது அவர் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. "அவசரமே இல்ல சார். இன்னும் ரெண்டு கடையில கேட்டுட்டு வாங்க. எங்க கம்மியோ அங்க பண்ணிக்குங்க." ஏமாற்றுகிறவன் அடுத்த கடைக்குப் போய்க் கேள் என்பானா? அப்படித்தான் நினைத்தேன். சர்க்கரை போடலாமா என்று கேட்டு டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது வரை அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். அங்கேயே 10,000 அனுப்பினேன். சாயங்காலம் வண்டி எடுக்கும்போது மீதி 8,500. பழைய கம்ப்ரஸர் எங்கே என்றதற்கு, "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு சார்."

இரவு ஏழரை மணி, காலி ரோடு, வண்டி ஜில்லென்று வந்தது. மறுநாள் மதியம் அதே சிக்னல், அதே வெறும் காற்று.

போன் செய்தேன். "புது கேஸ் சார், செட் ஆக ரெண்டு நாள் ஆகும்." இரண்டு நாள் கழித்து, "இந்த வெயில்ல எந்த வண்டி சார் கூலாகும்?" அடுத்த தடவை பையன் எடுத்து, ஓனர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றான். பின்னால் அதே ஓனர் யாரையோ திட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. நேரில் போனேன். வண்டியைத் தொடக்கூட இல்லை. "கம்ப்ரஸருக்குத்தான் கேரண்டி. கம்ப்ரஸர் ஓடுதுல்ல?" இந்தத் தடவை டீ இல்லை.

இன்று மச்சானுக்குத் தெரிந்த வயரிங் தம்பி ஒருவர் வந்தார். பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போடச் சொன்னார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "அண்ணே, ஏசி ஃபேன் ஓடலையே."

முன்னால் இருக்கும் கண்டென்ஸர்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அதற்கென்று இருக்கும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பிரஷர் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். என் வண்டியில் ரேடியேட்டருக்குத் தனி ஃபேன். அது ஓடியதால் இன்ஜின் சூடாகவில்லை, எனக்குச் சந்தேகமும் வரவில்லை.

தம்பி ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார், சுற்றியது. ஹாரனுக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்சான ரிலேயைப் பிடுங்கி ஃபேன் ரிலே இடத்தில் மாட்டினார். ஃபேன் ஓடியது, கால் மணி நேரத்தில் நின்ற வண்டியில் உள்ளே ஜில்லென்று ஆகிவிட்டது. புது ரிலே 280 ரூபாய். கூலி வேண்டாம் என்றவர் கையில் 200-ஐத் திணித்தேன்.

அந்த கேஜ் போட்டோவையும் காட்டினேன். சிரித்துவிட்டார். "கம்ப்ரஸர் வீக்கா இருந்தா சிவப்பு முள்ளு இம்புட்டு ஏறாதுண்ணே. நீலம்தான் இறங்காம நிக்கும்." அதாவது என் கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது என்பதற்கான சாட்சியைக் காட்டித்தான் என்னிடம் 18,500 வாங்கியிருக்கிறார்கள். இப்போது வண்டியில் இருப்பது புதிய கம்ப்ரஸரா, இல்லை என்னுடையதையே துடைத்து மாட்டினார்களா என்பதும் சந்தேகமாக இருக்கிறது. கழற்றியதை நான் பார்க்கவே இல்லையே.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லச் சொல்கிறார் மச்சான். சொல்லலாம்தான். கையில் இருப்பதோ ஜிஎஸ்டி இல்லாத ஒரு துண்டுச்சீட்டு. "ஏசி வேலை 18,500" என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது, கடை முத்திரைகூடக் கிடையாது. பணம் அனுப்பிய கணக்காவது போனில் இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வண்டி ஓடும்போது குளிர்ந்து, நின்றால் வெறும் காற்று வருகிறதா, முதலில் ஃபேனைப் பாருங்கள். கேஸ் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ லீக், அதைக் காட்டாமல் கேஸ் அடிக்க விடாதீர்கள். கம்ப்ரஸரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பழையதைக் கையோடு வாங்கி வாருங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி போன் போட்டுப் பார்த்தேன். முழு ரிங் போய் கட் ஆனது. மச்சான் போனிலிருந்து போட்டால் உடனே எடுத்து, "சொல்லுங்க சார், என்ன வண்டி?" என்கிறார்.