பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி: பாவித்த திங்க்பாட் டி480, ஒரு வருடத்தின் பின்

மகளுக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடத்தில் இடம் கிடைத்ததும் வீட்டில் முதலில் எழுந்த பேச்சு மடிக்கணினியைப் பற்றியதுதான். அதற்குச் சில வருடங்கள் முன்னர் மூத்தவனுக்குப் புத்தம் புதிதாக ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தோம். 4 ஜீபி நினைவகமும் 64 ஜீபி சேமிப்பகமும் தாய்ப்பலகையோடு ஒட்டியே வந்த அந்த மலிவான கணினி, ஒரு வருடம் முடிவதற்குள் விண்டோஸ் மேம்படுத்தலுக்குக்கூட இடமில்லாமல் திணறத் தொடங்கியது. திருத்துபவர் அடிமூடியைத் திறந்து, கழற்றி மாற்றுவதற்கு உள்ளே எதுவுமே இல்லை என்று காட்டியபோது மனம் மிகவும் நொந்தது.

ஆகவே இம்முறை கணினியின் பெயரிலிருந்து தொடங்காமல் மகளின் வேலையிலிருந்து தொடங்கினோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒப்படைகள் எழுத வேண்டும், நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கொண்ட பிடிஎஃப் கோப்புகளை வாசிக்க வேண்டும், ஸூம் வகுப்புகளில் இருக்க வேண்டும், மட்டக்களப்பு கல்லடியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். இவற்றோடு, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறக்காத வீடு என்பதால், பற்றரி நின்று பிடிக்க வேண்டும் என்பதும் எங்கள் தேவைகளில் முன்னுக்கு நின்றது. இத்தனையையும் வைத்துப் பார்த்தபோது, 2018 இல் வெளியான லெனோவோ திங்க்பாட் டி480 ஐப் பாவித்த நிலையில் வாங்குவதே சரியெனப் பட்டது. விலை நாணய மாற்றோடு ஏறி இறங்குவதால் தொகையை இங்கு எழுதவில்லை. நாங்கள் வாங்கிய நாளில், 4 ஜீபி நினைவகமும் செலரோன் என்ற மலிவான செயலியும் (புரொசசர்) உள்ள புதிய கணினி ஒன்றுக்குச் சொல்லப்பட்ட விலையிலேயே 16 ஜீபி நினைவகமும் 256 ஜீபி எஸ்எஸ்டி சேமிப்பகமும் உள்ள இது கிடைத்தது.

வாங்கும்போது மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது செயலியின் இலக்கம். நகரத்தில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில், "சேர், இதே விலைக்கு ஐ7 இருக்கு, பிறகு ஏன் ஐ5 எடுக்கிறீங்க?" என்று கடைத்தம்பி உண்மையான அக்கறையோடு கேட்டார். அவர் காட்டிய கணினியின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஐ7-7600யூ என்று இருந்தது. அக்காலத்து இன்டெல் செயலிகளில் கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கத்தின் முதல் எண்தான் தலைமுறையைச் சொல்வது. அதன்படி அது ஏழாம் தலைமுறை, இரண்டே கோர்கள் (கணிக்கும் மையங்கள்) கொண்டது. நாங்கள் எடுத்ததில் இருக்கும் ஐ5-8350யூ எட்டாம் தலைமுறை, நான்கு கோர்கள் கொண்டது. வேகத்தைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஆதரிக்கப்படுகிறது; விண்டோஸ் 10 க்கான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. டி480 இலேயே ஏழாம் தலைமுறைச் செயலியோடு விற்கப்பட்டவையும் உள்ளன என்பதால், மூடியிலுள்ள பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது. புதிய கணினி வாங்குவோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்: ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யூ என்ற செயலியின் பெயரில் முதலில் நிற்கும் 7 ஐப் பார்த்து மயங்காமல் மூன்றாவது எண்ணைப் பார்க்க வேண்டும், அங்குள்ள 2 அது 2019 இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு என்பதைச் சொல்லிவிடுகிறது.

இந்தக் கணினியில் எனக்கு மிகவும் பிடித்தது இதன் பற்றரி ஏற்பாடு. உள்ளே ஒரு சிறிய பற்றரியும், பின்பக்கம் இரண்டு கொளுவிகளைத் தள்ளிக் கழற்றக்கூடிய இன்னொன்றும் உள்ளன. உள்ளே இருப்பது கணினியைத் தாங்கிக்கொள்வதால், அணைக்காமலேயே வெளியில் இருப்பதை மாற்றலாம். வெளிப்பற்றரியில் 24, 48, 72 வாட் மணி என்று மூன்று அளவுகள் வந்தன. பாவித்த கணினியில் எது பூட்டியிருக்கிறது என்பதை மட்டுமன்றி, அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் தரும் பற்றரி அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் அருகருகே காணலாம். கடையிலேயே அதை எடுத்துக் காட்டச் சொல்ல யாரும் தயங்க வேண்டியதில்லை. எங்களுடையதில் 72 இருக்க வேண்டிய இடத்தில் 49 தான் இருந்தது. அப்படியிருந்தும் காலை விரிவுரையிலிருந்து பிற்பகல் நூலகம் வரை சார்ஜர் இல்லாமல் மகள் சமாளித்துவிடுகிறார். இந்தப் பெரிய பற்றரி அடியில் புடைத்து நிற்பதும், அதனோடு சேர்த்தால் பாரம் 2 கிலோ அளவுக்கு வருவதும் உண்மைதான். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் நாட்களில் தோள் வலிக்கிறது என்கிறார்.

தட்டச்சு விசைகள் ஆழமாக இறங்கி எழுவதால் நீண்ட ஒப்படைகளை எழுதும்போது விரல் சோர்வதில்லை. பாமினி எழுத்துருவின் தட்டச்சு முறையில் பழகியிருந்த மகள், விண்டோஸுடனேயே வரும் தமிழ் 99 விசைப்பலகை முறைக்கு மாறியது இந்தக் கணினியில்தான். விசைகளின் மேல் தண்ணீர் சிந்தினால் அடிப்பக்கத் துளைகள் வழியாக வடிவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

திரை விடயத்தில் இது பின்தங்கியது. 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையோடு வந்தவற்றை எடுக்கவே வேண்டாம். சற்றுச் சரிவாக இருந்து பார்த்தாலே எழுத்து வெளிறிப்போகும். எங்களுடையது 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட, சரிவாகப் பார்த்தாலும் வெளிறாத ஐபிஎஸ் வகைத் திரை, வாசிப்பதற்கு நன்று. ஆனால் வெளிச்சம் போதாது, விறாந்தையில் பகல் பொழுதில் வைத்துப் படிக்க முடியவில்லை. கமெராவும் மங்கல்.

எங்கள் பகுதிக்கு முக்கியமான இன்னொன்று, திறந்து துப்புரவாக்கும் வசதி. வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலின் நுண்தூசி வீட்டுக்குள் எல்லாப் பொருட்களிலும் படிகிறது. ஓகஸ்ட்டில் விசிறி இரைந்து, அடிப்பக்கம் மடியில் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. உள்பற்றரியை பயொஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) நிறுத்திவிட்டு, வெளிப்பற்றரியையும் கழற்றிய பின்னர் அடிமூடியைத் திறந்தோம். அதன் ஆணிகள் மூடியிலேயே தங்கிவிடுவதால் ஒன்றும் தொலையாது. விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் தூசி ஒரு துணித்துண்டைப் போல ஒட்டிக் கிடந்தது. மென்மையான தூரிகையால் அதை எடுத்ததும் அன்றிரவே சத்தம் தணிந்தது. நினைவகத்துக்கு இரண்டு இடங்களும் அங்கேயே கண்ணெதிரே இருந்தன. மூத்தவனின் கணினியில் இல்லாமற்போன வசதி இதுதான்.

அண்மையில், சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காட்சிக்கலை படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, தானும் இதையே வாங்கட்டுமா என்று கேட்டார். அவருடைய ஓவியம் ஒன்றைத் திரையில் திறந்து, தாளில் இருந்த மூலத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். தாளில் எரிந்த செம்மஞ்சள், திரையில் வெளிறிய செங்கல் நிறமாகத் தெரிந்தது. உங்களுக்கு இது வேண்டாம் மகள், நிறம் சரியாகக் காட்டும் திரையைத் தேடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.