சேலத்தில் பிறந்தவளுக்கு ஒரு பாஸ்போர்ட்

பொங்கலுக்கு மூன்று வாரம் சேலம் போயிருந்தேன். நான் கனடா பாஸ்போர்ட்காரன். ஆனாலும் இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓசிஐ அட்டையைக் காட்டியதில் வங்கி வேலை, வீட்டு வரி எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. மிச்ச நாளெல்லாம் அலைந்தது என் பள்ளித் தோழன் மகளுக்காக.

தோழன் தாரமங்கலம் பக்கத்து இலங்கைத் தமிழர் அகதி முகாமில் இருக்கிறான். 1990-ல் ஆறு வயதில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவன். பெயிண்ட் வேலை, நான் போன அன்று ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தான். முகாம்களில் 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித் தருவதாக 2021-ல் தமிழக அரசு அறிவித்ததே, அதில் இவர்களுக்கும் ஒன்று. மழை வந்தால் பாத்திரம் வைத்து ஒழுக்கைப் பிடித்த பழைய வீடு எனக்குத் தெரியும், அதனால் தளம் போட்ட வீட்டைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

மகள் நர்சிங் முடித்துவிட்டாள். வெளிநாட்டில் வேலை தேடலாம் என்றால் பாஸ்போர்ட் இல்லை. விசாரிக்கப் போன ஓர் அலுவலகத்தில் தாளைக்கூடப் பார்க்காமல், "முகாம் ஆட்களுக்குக் கிடையாதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் பிறந்த பெண்ணிடம் சொன்ன பதில் இது. எனக்குக் கோபம் அடங்கவில்லை.

இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பால் குடிமகன், பெற்றோர் யாராக இருந்தாலும் சரி. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதை வைத்துத்தான் 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் தரச் சொன்னது. என் தோழன் மனைவியும் மண்டபத்தில் பிறந்தவள்தான், 1984-ல்! அது மட்டும் தாளில் உறுதியானால் 2004 மார்ச்சில் பிறந்த மகளுக்கும் வழி இருக்கிறது, ஏனென்றால் 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். வக்கீலும் அதையே சொன்னார். அப்புறம் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினோம், பிறப்புப் பதிவேட்டைத் தேடி. இரண்டாம் நாள் சாயந்திரம் நகல் கைக்கு வந்தபோது, "அண்ணா, என் பேரே இல்லையே, பெண் குழந்தைன்னு மட்டும் இருக்கே" என்று தோழன் மனைவி அழுதுவிட்டாள். பெயரைச் சேர்க்க மனுக் கொடுத்திருக்கிறோம்.

மகளின் தம்பி 2006-ல் பிறந்தவன். அவன் காலத்துச் சட்டப்படி ஒருவர் குடிமகனாக இருந்தால் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக்கூடாது. கள்ளத்தோணியில் உயிர் பிழைத்து வந்த அப்பாவை அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு சொன்னது நல்லதுதான், ஆனால் அது குடியுரிமை இல்லை. அண்டை நாட்டு அகதிகள் சிலருக்குக் குடியுரிமை தரும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையே கிடையாது.

கிளம்பும் அன்று அக்காவின் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "எனக்கு என்ன தாள் தேடணும் மாமா?" என்று கேட்டான்.