செம்பனை எண்ணெய், மக்காச்சோள ஃபியூச்சர்ஸ்: சார்ட் பேட்டர்னா, கையிருப்புக் கணக்கா?

ஏழு ஆண்டுகளாக விளைபொருள் ஃபியூச்சர்ஸில், அதாவது பின்னொரு மாதத்தில் ஒப்படைக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களில் (கான்ட்ராக்ட்), சிறிய அளவில் வாங்கி விற்று வருகிறேன். பெரும்பாலும் புர்சா மலேசியாவின் செம்பனை எண்ணெய், சிகாகோவின் மக்காச்சோளம், எப்போதாவது சோயா. முதல் மூன்று ஆண்டுகள் சார்ட் பேட்டர்னை, அதாவது விலைக்கோடு வரையும் வடிவங்களை மட்டுமே நம்பினேன்: தலை-தோள், இரட்டை உச்சி, முக்கோணம், கொடி, எல்லாம். பிறகு கையிருப்புக் கணக்குப் பக்கம் வந்துவிட்டேன். எவ்வளவு விளைந்தது, எவ்வளவு செலவானது, பருவ ஆண்டு முடியும்போது எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்து, விலை எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறேன். சிங்கப்பூர் டெக்காவில் சனிக்கிழமை காலை தே குடிக்கும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் சார்ட் ஆட்கள்தான். அதில் மூத்தவர் ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், "எல்லாச் செய்தியும் விலைக்குள்ள வந்துடும் தம்பி, நீ ஏன் தனியா தேடிப் போற?" என்பார். அவரோடு இரண்டு ஆண்டுகளாகப் பேசிப் பேசித் தெளிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கணக்குப் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சார்ட்டின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு முறை கற்றால் எந்தப் பொருளுக்கும் போட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லை, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் போதும். விளைபொருளுக்கும் சார்ட்டுக்கும் உள்ள உறவும் பழையது. ஜப்பானில் ஒசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-இல் ஷோகன் அரசு முறையான அனுமதி தந்தது. அந்தக் காலத்து அரிசி வணிகர், சகாதா ஊர்க்காரர் ஹொம்மா முனெஹிசாதான் மெழுகுவத்தி சார்ட்டைத் தொடங்கிவைத்தவர் என்று மரபாகச் சொல்வார்கள். பேட்டர்ன்களுக்குள் ஏதோ தகவல் இருக்கிறது என்று 2000-இல் நிதியியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ லோ குழுவினர் கணினி வைத்துச் சோதித்துக் காட்டியதும் உண்டு. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டவை அமெரிக்கப் பங்குகள். பங்குக்கும் விளைபொருளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நான் பக்கம் மாறியதற்குக் காரணமே அதுதான்.

ஒரு பங்கு என்றால் அது ஒரே பங்கு. பத்து ஆண்டு சார்ட் போட்டால் பத்து ஆண்டும் அதே பொருளின் விலை. மக்காச்சோள ஃபியூச்சர்ஸ் அப்படி இல்லை. மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், டிசம்பர் என்று ஆண்டுக்கு ஐந்து கான்ட்ராக்ட், ஒவ்வொன்றும் பிறந்து, கொஞ்ச காலம் வாழ்ந்து, முடிந்துபோகும். ஜூலை கான்ட்ராக்டில் இருப்பது போன ஆண்டு அறுத்துக் குதிருக்குள் கிடக்கும் சோளம். டிசம்பரில் இருப்பது இப்போது வயலில் நிற்கும் சோளம், ஜூலையில் அது கதிர்கூட முற்றியிருக்காது. இரண்டும் வேறு வேறு சரக்கு. நாம் செயலியில் திறந்து பார்க்கிற நீண்ட சார்ட், இந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்துப் போட்ட ஒட்டுத் துணி. செம்பனை எண்ணெயில் தையல் இன்னும் அதிகம். அங்கே மூன்றாவது மாத கான்ட்ராக்டைத்தான் எல்லோரும் அளவுகோலாக வைக்கிறார்கள், மாதத்தின் 15-ஆம் தேதி வாக்கில் நடப்பு மாதம் முடிந்ததும் அந்த மூன்றாவது மாதமும் ஒரு மாதம் தள்ளிப்போகும். ஆண்டுக்கு 12 தையல்.

இது தெரியாமல் நான் பணம் இழந்தது ஒரு ஜூலை மாதத்தில். மக்காச்சோளத்தின் தொடர் சார்ட்டில் ஏப்ரலில் இடது தோள், மே கடைசியில் தலை, ஜூலை முதல் வாரம் வலது தோள், அவ்வளவு அழகான தலை-தோள் வடிவம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நடு உச்சி உயரமாகவும் இரு பக்க உச்சிகள் தாழ்வாகவும் இருக்கும் இந்த வடிவத்தை, விலை இறங்கப்போவதன் அறிகுறி என்பார்கள். ஜூலை நடுவில் ஒரே நாளில், உச்சிகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களை இணைக்கும் 'கழுத்துக்கோடு' என்ற கோட்டை உடைத்துக்கொண்டு பெரிய இடைவெளியோடு விலை கீழே வந்தது. இரவு ஒன்பதரைக்குச் சிகாகோவின் பகல் அமர்வு திறந்ததும் செப்டம்பர் மினியில் இரண்டு கான்ட்ராக்ட் விற்றேன், விலை இறங்கியதும் மலிவாகத் திரும்ப வாங்கி லாபம் எடுக்கலாம் என்று. மினி என்றால் 1,000 புஷல் (அமெரிக்கத் தானிய அளவு), விலை ஒரு சென்ட் நகர்ந்தால் 10 டாலர். ஒன்பது நாளில் 31 சென்ட் எனக்கு எதிராகப் போனது, 620 அமெரிக்க டாலர் நஷ்டத்தில் வெளியே வந்தேன். தொகை பெரியதில்லை, ஆனால் எங்கே தவறினேன் என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. அந்த வார இறுதியில் செப்டம்பர் கான்ட்ராக்டின் சொந்த சார்ட்டை மட்டும் தனியாகத் திறந்தேன். அதில் தலையும் இல்லை, தோளும் இல்லை. நான் விற்ற விலையிலேயே அது இரண்டு வாரமாக அசையாமல் கிடந்திருக்கிறது. நான் உடைப்பு என்று நினைத்தது, ஜூலை கான்ட்ராக்ட் முடிந்து சார்ட் செப்டம்பருக்கு மாறிய தையல். சந்தையில் அன்று யாரும் எதையும் விற்றுத் தள்ளவில்லை. என் தரகு நிறுவனத்தின் செயலி அந்த இடத்தில் ஒரு குறிகூடப் போட்டிருக்கவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "அதுக்குத்தான் சரிசெய்த சார்ட் இருக்கே" என்றார். இருக்கிறது. கான்ட்ராக்ட் மாறும்போது வரும் இடைவெளியைப் பழைய விலைகள் எல்லாவற்றிலும் கூட்டியோ கழித்தோ சார்ட்டை வழுவழுப்பாக்கித் தருவார்கள். பொய் உடைப்பு போய்விடும். ஆனால் அங்கே வேறொன்று கெட்டுப்போகிறது. 2012-இல் அமெரிக்காவில் கடும் வறட்சி, மக்காச்சோளம் புஷல் 8 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு 2013 ஜூலையில் பழைய சோளம் தட்டுப்பாடு, புதிய பயிர் நன்றாக வருகிறது, அதனால் ஜூலை கான்ட்ராக்டுக்கும் டிசம்பருக்கும் நடுவே ஏறக்குறைய 2 டாலர் வித்தியாசம். அதைச் சரிசெய்தால் 2012-இன் 8 டாலர் உச்சி சார்ட்டில் 6 டாலர் சொச்சமாகத் தெரியும். இப்போது யோசித்துப் பாருங்கள். விலை வந்து திரும்பும் என்று சார்ட்டில் கோடு போடுகிற ஆதரவு நிலை, எதிர்ப்பு நிலை எல்லாம் ஏன் வேலை செய்யும் என்கிறோம்? அந்த விலையில் வாங்கியவர், விற்றவர், தவறவிட்டவர் எல்லோருக்கும் அந்த எண் நினைவில் இருக்கும், விலை மறுபடி அங்கே வரும்போது அவர்கள் ஏதாவது செய்வார்கள் என்பதால்தானே? சரிசெய்த சார்ட்டில் இருக்கும் அந்த 6 டாலர் சொச்ச உச்சியில் உலகத்தில் ஒருவர்கூட வாங்கவில்லை. யாருக்கும் நினைவில் இல்லாத விலையில் கோடு போட்டு அங்கே யார் வந்து திரும்பப்போகிறார்கள்? அண்ணனிடம் இதற்கு இதுவரை பதில் இல்லை, எனக்கும் கிடைக்கவில்லை.

மூன்றாவது வழி, ஒரே கான்ட்ராக்டின் சொந்த சார்ட்டை மட்டும் பார்ப்பது. நேர்மையான வழி அதுதான். ஆனால் அதில் உருப்படியான வியாபாரம் நடப்பது முடிவதற்கு முந்திய சில மாதங்கள்தான், அதற்கு முன்னால் கைமாறும் லாட் (கான்ட்ராக்ட்) எண்ணிக்கை மிகக் குறைவு. ஆகவே சின்ன பேட்டர்ன்களைப் பார்க்கலாம், ஐந்து ஆண்டு முக்கோணம் மாதிரி பெரிய விஷயங்களை மறந்துவிட வேண்டும்.

இனி கணக்குப் பக்கம். சார்ட்டுக்கு இடைஞ்சலாக இருக்கும் அதே இடைவெளி இங்கே முதல் தரமான செய்தி. சாதாரண காலத்தில் தூர மாத கான்ட்ராக்ட் கிட்ட மாதத்தைவிடக் கொஞ்சம் விலை கூடுதலாக இருக்கும், ஏனென்றால் சரக்கை வைத்திருக்கக் கிடங்கு வாடகை, வட்டி, காப்பீடு எல்லாம் உண்டு. அந்தச் செலவுக்கு மேல் வித்தியாசம் போக முடியாது, போனால் யாராவது இன்று வாங்கிக் கிடங்கில் போட்டுப் பிறகு விற்று லாபம் எடுத்துவிடுவார்கள். ஆனால் கிட்ட மாதம் தூர மாதத்தைவிட விலை ஏறினால் அதற்கு உச்ச வரம்பே இல்லை, அடுத்த ஆண்டுச் சோளத்தை இன்று கொண்டுவந்து ஆலைக்குக் கொடுக்க யாராலும் முடியாதே. கிட்ட மாதம் உயர்ந்து நிற்கிறது என்றால் 'இப்போதே வேண்டும், காத்திருக்க முடியாது' என்று ஆலைக்காரர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் சொல்கிறார்கள் என்று பொருள். அந்தத் தட்டுப்பாடு உண்மையா, எத்தனை நாள் நீடிக்கும் என்பதைக் கையிருப்புப் பட்டியலில் சரிபார்க்கலாம். செம்பனை எண்ணெய்க்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் மாதம் 10-ஆம் தேதியை ஒட்டி மாத இறுதி இருப்பை வெளியிடுகிறது. தானியங்களுக்கு அமெரிக்க வேளாண்துறையின் மாதாந்திரத் தேவை-அளிப்பு மதிப்பீடு. வாஷிங்டனில் நண்பகல் 12 மணிக்கு வரும், நமக்கு நள்ளிரவு 12, குளிர்காலத்தில் இரவு 1 மணி. முதலில் நான் பார்ப்பது ஒரே எண்ணைத்தான்: ஆண்டு முடிவில் மிஞ்சும் இருப்பு, ஓர் ஆண்டுச் செலவில் எத்தனை சதவிகிதம்.

2022-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா செம்பனை எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்தது. விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டிய ஆண்டு அது. இங்கே மளிகைக்கடைகளில் சமையல் எண்ணெய் விலையைப் பார்த்தே பலருக்கு அது நினைவிருக்கும். எங்கள் கூட்டத்தில் சார்ட் பார்த்த எல்லோரும் மேல் நோக்கிய கொடி, விலை இன்னும் ஏறும் என்றார்கள், சார்ட்டை மட்டும் பார்த்தால் அது சரியான வாசிப்புதான். கணக்கு வேறு சொன்னது. தடைபோட்டால் மரத்தில் குலை வருவது நிற்காது, ஆலை நிற்காது, எண்ணெய் நாட்டுக்குள்ளேயே தொட்டியில் சேரும், தொட்டி நிரம்பினால் திறந்துவிட்டே ஆகவேண்டும். மே 23-இல் தடை நீங்கியது, ஜூலையில் தேங்கிய எண்ணெயை வெளியேற்ற ஏற்றுமதித் தீர்வையையே தற்காலிகமாக எடுத்தார்கள். மூன்றாவது மாத விலை செப்டம்பர் கடைசிக்குள் உச்சியில் பாதிக்கும் கீழே வந்தது. அதே சமயம் கிட்ட மாதங்கள் தூர மாதங்களைவிட நூற்றுக்கணக்கான ரிங்கிட் உயரத்தில் நின்றதால், தொடர் சார்ட்டில் ஒவ்வொரு தையலும் ஒரு பொய்ச் சரிவாகவே தெரிந்தது. நான் அந்த இறக்கத்தில் ஒரே ஒரு லாட் விற்றிருந்தேன், பாதியிலேயே வெளியே வந்தும்விட்டேன். ஒரு லாட் 25 டன், விலை ஒரு ரிங்கிட் அசைந்தால் 25 ரிங்கிட், அதற்கு மேல் வைத்திருக்க, தரகரிடம் பிணையாகக் கட்டும் மார்ஜின் பணத்துக்கு எனக்கு வசதி இல்லை.

கணக்குக்கும் ஓட்டை உண்டு. 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு சிகாகோ கோதுமை, ஒரு நாளில் ஏற அனுமதிக்கும் உச்ச வரம்பை நாளுக்கு நாள் தொட்டு 13 டாலரைத் தாண்டியது. அதை எந்த இருப்புப் பட்டியலும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அறிக்கையே தூக்கிவாரிப் போடுவதும் உண்டு. 2013 மார்ச் 28-இல் எல்லோரும் எதிர்பார்த்ததைவிட மக்காச்சோள இருப்பு அதிகம் என்று வந்தது, அன்றைய அனுமதி வரம்பான 40 சென்ட் முழுவதும் விலை விழுந்தது. முந்தின நாள் வரை தட்டுப்பாட்டுக் கணக்கு போட்டு வாங்கி வைத்திருந்தவர்கள் வெளியேற வழியில்லாமல் நின்றார்கள். அதனால் அறிக்கை வரும் இரவில் நான் கையில் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. அறிக்கை வந்த முதல் நிமிடத்தில் இயந்திரங்களோடு போட்டி போடவும் நம்மால் முடியாது. நான் விடிந்த பிறகுதான் படிக்கிறேன். ஒரு பருவத்தின் இருப்பு நிலவரம் ஒரே இரவில் காலாவதி ஆகிவிடாது, வாரக்கணக்கில் அதன் மேல் நிற்கலாம்.

எப்போது வெளியேறுவது என்பதில் மட்டும் சார்ட்டிடம் திரும்பிப் போகிறேன், இதில் அண்ணன் சொல்வது சரி. 'இருப்பு இறுக்கமாக இருக்கிறது' என்ற வாக்கியத்துக்குள் ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தை நிறுத்தி வெளியேறும் விலை, எங்கே என்பது இல்லை. அந்தக் கான்ட்ராக்டின் சொந்த சார்ட்டில் கடைசி இரண்டு மாதத்துப் பள்ளம் எது என்று பார்த்து அதற்குக் கீழே ஸ்டாப் வைக்கிறேன். இது இல்லாமல் கணக்கை மட்டும் நம்பியவர்கள், தாங்கள்தான் சரி என்று காத்திருந்து மார்ஜின் கட்ட முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், 2024-இல் கொக்கோ. ஏப்ரலில் 11,000 டாலருக்கு மேல் போய்ச் சரிந்தபோது உச்சி முடிந்தது என்று பேட்டர்ன் பார்த்தவர்கள் சொன்னார்கள், டிசம்பரில் அதையும் தாண்டியது. இதை வைத்து பேட்டர்ன் தோற்றது என்று நான் வாதாட மாட்டேன். கொக்கோவில் நான் ஒரு லாட்கூட எடுத்ததில்லை, மேற்கு ஆப்பிரிக்க விளைச்சலைத் தூரத்திலிருந்து படித்ததோடு சரி.

ரப்பரிலும் என் அனுபவம் மெலிந்ததுதான். இத்தனைக்கும் உலகமே பார்க்கும் டிஎஸ்ஆர்20 ரக ரப்பரின் விலை நம் சிங்கப்பூர்ச் சந்தையில்தான் முடிவாகிறது, லாட்டும் 5 டன்தான். க்ளுவாங் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தாத்தா, இலை உதிரும் மாதங்களில் வாளி நிறையாது, கூலியும் குறையும் என்று சொல்லுவார். தாய்லாந்திலும் பிப்ரவரி தொடங்கிச் சில மாதங்கள் அந்தக் குறைவு உண்டு. ஆனால் அந்தக் குறைவு ஆண்டுதோறும் எல்லோரும் எதிர்பார்ப்பது, விலைக்குள் எப்போதோ ஏறிவிடுகிறது. அதற்கு மேல் எது விலையை நகர்த்துகிறது என்பதற்குச் செம்பனை எண்ணெய் மாதிரி மாதாமாதம் ஒரே இடத்தில் பார்க்க ஒரு பட்டியல் என் கைக்கு அமையவில்லை. சார்ட்டை மட்டும் வைத்து ரப்பரில் இறங்கச் சொல்லி அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் மாதவாரியாகத் தனித்தனி சார்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.