சீட்டா, நிலையான வைப்பா?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் 10 பேர் மாதம் 10,000 ரூபாய் வீதம் சீட்டுப் போட்டால், முதலில் எடுப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் கைக்கு வரும்; அவர் கட்டிய 10,000 போக 90,000 ரூபாய் வட்டியில்லாக் கடன். கடைசியாக எடுப்பவருக்கு வட்டி ஒரு சதமும் இல்லை. முன்னால் எடுத்தவர் கொழும்புக்கு வேலைக்குப் போய், கட்டாமல் விட்டால் நட்டமும் கடைசியாக எடுப்பவருக்கே. கடைசி இலக்கம் விழுந்தால் சீட்டில் சேராதீர்கள்.

சேமிக்க வைப்பே மேல். ஒரு இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 8% என்றால் 8,000 ரூபாய்; அதில் 10% வரியாக 800 கழியும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள். அந்த 800உம் மிஞ்சும். வங்கி முடங்கினாலும் ஒருவருக்கு 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. இடையில் உடைத்தால் வட்டி குறையும். ஆகவே 50,000 வீதம் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்; அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.