தடாவா, நாகலாபுரமா, தலக்கோனாவா?

காட்டுக்குள் நடந்து, மலை இடுக்கில் புகுந்து, அருவியில் நனைந்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இந்த ஆசை வந்தால் ஆந்திர எல்லையைத் தாண்டுவதுதான் வழி. குற்றாலத்துக்கு ஒரு ராத்திரி ரயில் பயணம் தேவை. இங்கே விடியற்காலையில் கிளம்பினால் போதும். தடா, நாகலாபுரம், தலக்கோனா என்று மூன்று பெயர்கள் எப்போதும் அடிபடும். எது உயரமான அருவி என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். போகும் பாதை எப்படி என்று கேட்பதுதான் சரி என்பது என் கட்சி.

உயரம்தான் முக்கியம் என்றால் தலக்கோனாவுக்குப் போட்டியே இல்லை. 270 அடி, ஆந்திரப் பிரதேசத்திலேயே உயரமான அருவி. சேஷாசல மலையில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சித்தேஸ்வரர் கோயில் வரை வண்டி போகும், அப்புறம் பாதையும் படியுமாக ஏறிவிடலாம். முதல் தடவை காட்டுக்குப் போகிறவர்களுக்கு நல்ல இடம். மரங்களுக்கு நடுவே கயிற்றுப் பாலமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் இருநூறு கிலோமீட்டர் பக்கம் பயணம். பாதி நாள் சாலையிலேயே போய்விடும். தின்பண்டத்தைக் கையில் வெளியே தெரியும்படி வைத்திருந்தால் மீதி நாள் குரங்குகளோடு போய்விடும். ஒன்று சொல்ல வேண்டும்: இது செம்மரக் காடு. பாதையை விட்டு உள்ளே ஒதுங்கிச் சுற்றிப் பார்க்க நினைக்காதீர்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி இந்த சேஷாசலக் காட்டில்தான், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, ஆந்திரக் காவல்துறை தமிழகத் தொழிலாளர்கள் 20 பேரைச் சுட்டுக் கொன்றது.

தடா அருவிக்கு ஊர்ப்பெயர் உப்பலமடுகு. கும்மிடிப்பூண்டி தாண்டி, தடாவில் காளஹஸ்தி சாலையில் திரும்பி, வரதய்யபாளையம் வழியாகப் போக வேண்டும். பெரும்பாலும் நெடுஞ்சாலை என்பதால் போய்ச் சேர்வது சுலபம். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் கூட்டம் நிறைந்துவிடும். இங்கே பிரச்சினை காலடியில்தான். பாதை முழுக்க உருண்டைக் கல். காய்ந்த கல் ஏமாற்றாது. நனைந்து, கறுத்து, மேலே மெல்லிய பாசி பூத்த கல்லில் கால் வைத்தால் எவ்வளவு விலையுயர்ந்த ஷூவும் வழுக்கும். கல்லின் நடு முதுகில் மிதிக்காமல் இரண்டு கல் சேரும் இடுக்கில் மிதித்து நடக்கப் பழகிக்கொண்டால் பிழைத்தோம். நீச்சல் தெரியாமல் மடுவில் இறங்கி உயிர்விட்டவர்களைப் பற்றிய செய்தியும் அடிக்கடி வருகிறது. நண்பர்கள் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று குதிக்க வேண்டாம்.

என் ஓட்டு நாகலாபுரத்துக்கு. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் சுமார் எண்பது கிலோமீட்டர். போகும் வழியில் சிவன் படுத்திருக்கும் சுருட்டப்பள்ளி வேறு இருக்கிறது. நாகலாபுரம் வேதநாராயணப் பெருமாள் கோயில் கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவி நினைவாக எழுப்பியது என்பார்கள். அடிவாரம் ஆறை கிராமம். அங்கிருந்து ஓடையைப் பிடித்து ஏறுவதுதான் நடை. முதலில் முள்ளும் புதருமாக வெயில் கொளுத்தும். கொஞ்ச நேரத்தில் கரையோரம் நீர்மருது மரங்கள் வந்துவிடும். வெளுத்த வழவழப்பான அடிமரத்தைப் பார்த்தாலே தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பள்ளத்தாக்கு நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி, வானம் ஒரு கீற்றாகச் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீர் மடுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஓரமாகக் காலை விட்டு உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து கொத்தும். அருவி என்று பார்த்தால் தலக்கோனாவுக்குப் பக்கத்தில் நிற்க முடியாத குட்டி அருவிதான். ஆனால் நடை முழுவதும் தண்ணீர் கூடவே வரும். மற்ற இரண்டிலும் இது இந்த அளவுக்குக் கிடையாது.

அந்தச் சுவர் அப்படிச் செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் பாறைதான். இந்தப் பக்கத்து நகரி மலைகளின் மேல்பகுதி குவார்ட்சைட் என்ற மிகக் கடினமான பாறை. தண்ணீர் அதைக் கரைப்பதில்லை, விரிசல்களில் இறங்கிப் பாளம் பாளமாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. இதே பாறைதான் ஆபத்தும். மழையை உறிஞ்சாது, கொட்டியது அத்தனையும் நேராக இடுக்குக்குள் இறங்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மேலே உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தால் பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

எனவே வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நவம்பரில் போகாதீர்கள். மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை மூன்று இடங்களுமே நன்றாக இருக்கும். மார்ச் தாண்டினால் புல் காய்ந்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் டிரெக்கிங் போனவர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வனத்துறை உள்ளே விடுகிறதா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப்போக வேண்டும் என்றால் இந்த மூன்றும் வேண்டாம், புத்தூர் சாலையில் இருக்கும் கைலாசகோனா போதும். நடை என்று சொல்ல ஒன்றும் இல்லை, கொஞ்சம் படி ஏறினால் அருவி. அருகிலேயே நாராயணவனம் கல்யாண வெங்கடேசர் கோயிலும் இருக்கிறது. மதியம் நடை சாத்துவதற்குள் அதை முதலில் பார்த்துவிட்டு, குளியலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.