பெரிய கப்பலில் விடுமுறை: சிங்கப்பூரிலிருந்து போய்வந்த அனுபவம்

எந்தக் கப்பல், எந்த அறை, எவ்வளவு ஆச்சு? கப்பலில் போய்வந்தேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது இந்த மூன்றையும்தான். கூட்டம் எப்போது எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. பணம் கொடுத்து வாங்கிய விடுமுறை நன்றாக அமைவது அதில்தான் இருக்கிறது.

2020 கடைசியில், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களை சிங்கப்பூரில் ஆரம்பித்தார்கள். என் கப்பல் பழக்கம் அங்கே தொடங்கியது. கோவிட் கட்டுப்பாட்டால் பாதி ஆட்களைத்தான் ஏற்றினார்கள். லிஃப்ட் உடனே வரும், நீச்சல் குளத்தோரம் நாற்காலி காலியாகக் கிடக்கும். கப்பல் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு முழுக் கூட்டத்தோடு வெவ்வேறு நிறுவனங்களின் கப்பல்களில் போனபோது கதையே வேறு. ராயல் கரீபியன் நிறுவனத்தின், 2022-இல் சிங்கப்பூருக்கு வந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 347 மீட்டர். அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 4,200 பயணிகளுக்கு மேல். ஊழியர்கள் இன்னும் 1,500 பேர். பள்ளி விடுமுறையில் ஓர் அறைக்குள் மூன்று, நான்கு பேர் வந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். அதனால் ஜூன், டிசம்பரைத் தவிர்க்க முடிந்தவர்கள் தவிர்த்துவிடுங்கள். கட்டணமும் குறையும்.

ஏறும் நாள். செக்-இன் நேரத்தை முன்கூட்டியே தேர்வு செய்யச் சொல்வார்கள். முதல் நேரத்தை எடுங்கள், இல்லையென்றால் கடைசிக்குப் பக்கத்தில் எடுங்கள். நடுப்பகலில் வருகிறவர்கள் வரிசையில் நின்று களைத்து, மேலே ஏறியதும் கைப்பையோடு நேரே பஃபேக்குப் போய் அங்கேயும் நிற்பார்கள். அன்று மதியம் பெரிய உணவுக்கூடத்தைத் திறந்து வைக்கும் கப்பல்களும் உண்டு, பலருக்கு அது தெரியாது. ஏறியவுடன் ஓர் ஊழியரைக் கேட்டுவிடுங்கள். டெர்மினலில் கொடுத்த பெட்டி அறைக்கு வர சாயங்காலம்கூட ஆகலாம். பாஸ்போர்ட், மாத்திரை, குழந்தைகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எதற்கும் அனுமதி கிடையாது. கப்பலில் தீப்பிடிப்பதுதான் பெரிய பயம் என்பதால் எக்ஸ்டென்ஷன் பெட்டியைக்கூட எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். ஒருமுறை பறிமுதல் மேசையைப் பார்த்தேன். குட்டி ரைஸ் குக்கர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒன்றுக்குள் அரிசி வேறு. யார் வீட்டுப் பாட்டியோ! வீட்டில் சமைத்த சாப்பாடும் கூடாது. கடையில் வாங்கிய, பிரிக்காத முறுக்கு பாக்கெட்டை நான் பார்த்தவரை யாரும் தொட்டதில்லை.

அப்புறம் அறை. மூன்று நாள் பயணத்துக்கு பால்கனி அறை தேவையில்லை என்பது என் கட்சி. அறையில் இருப்பதே தூங்கவும் குளிக்கவும்தான். ஜன்னல் இல்லாத உள் அறையில் விளக்கை அணைத்தால் நல்ல இருட்டு, பகலில்கூடக் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். ஸ்பெக்ட்ரம் வகைக் கப்பல்களில் உள் அறைகளிலும் வெளிக்கடலை நேரலையாகக் காட்டும் பெரிய திரை உண்டு. பால்கனிக்கு ஆகும் கூடுதல் பணத்தை அம்மா அப்பாவுக்கு இன்னோர் உள் அறையாக மாற்றிக்கொள்ளலாம். அறை எங்கே இருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நீளவாக்கில் கப்பலின் நடுவில், கீழ் டெக்குகளில் (மாடிகளில்) ஆட்டம் மிகக் குறைவு. மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும்படி பாருங்கள். குளம் இருக்கும் டெக்குக்கு நேர் கீழே எங்களுக்கு ஒருமுறை அறை கிடைத்தது. விடியுமுன்னே தலைக்கு மேல் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். பதிவு செய்யும்போது டெக் வரைபடத்தைத் திறந்து, தேர்ந்தெடுத்த அறைக்கு மேல் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: நான் போன கப்பல்களில் கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, காகிதம் மட்டும்தான். ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுபோங்கள். பெரியவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். அறைச் சுவர் உலோகம் என்பதால் காந்தக் கொக்கி நன்றாகப் பிடிக்கும். ஈரத் துண்டு, தொப்பி, பை எல்லாம் அதில்தான் தொங்கும்.

ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று காட்டும் பாதுகாப்புப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய கையோடோ அதை முடித்தாக வேண்டும் என்று விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் வீடியோவைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, உங்களுக்குக் குறித்த இடத்துக்கு நேரில் போய் அறை அட்டையைக் காட்டினால் முடிந்தது. ஏறியவுடன் போனால் ஐந்து நிமிட வேலை. கிளம்பும் நேரத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிடும்போது போனால் ஊரே அங்கே நிற்கும்.

சாப்பாட்டைப் பற்றித்தான் நம் ஆட்களுக்குப் பெரிய கவலை. பஃபேயில் சாதம், பருப்பு, ஏதாவது ஒரு கறி பெரும்பாலும் இருக்கும். உண்மையில் நல்ல சாப்பாடு கிடைப்பது ராத்திரி உணவுக்கூடத்தில்தான். ஒரே மேசை, ஒரே பரிசாரகர் என்று அமைந்துவிட்டால் இரண்டாம் நாளே நம் ருசி அவருக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கு ஒருமுறை கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன் வந்தான். அம்மா விடவில்லை. "தம்பி, புளிக்குழம்பு ஏதும் கிடைக்குமாப்பா?" என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, "குழம்புக்கு வழியில்லம்மா. பருப்பும் சப்பாத்தியும் தினமும் சொல்லி வைக்கிறேன், ஊறுகாய் என் பொறுப்பு" என்றான். மறுநாளிலிருந்து நாங்கள் உட்காரும் முன்பே ஒரு சின்னக் கிண்ணத்தில் மாங்காய் ஊறுகாய் அம்மாவின் தட்டருகே வந்துவிடும். சைவம், ஜெயின், ஹலால் எதுவானாலும் பதிவு செய்யும்போதே குறிப்பிடுங்கள். முதல் ராத்திரி தலைமைப் பரிசாரகரிடம் மறுபடி சொல்லுங்கள். மூன்றாம் நாள் போய்ப் புகார் செய்வதில் பலனில்லை.

பஃபேக்குள் நுழையும் முன் கை கழுவச் சொல்லி ஆள் நிற்பார். சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கப்பல்களில் வாந்தி பேதி பரப்பும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக அடங்காது.

துறைமுகங்களில் எனக்குப் பிடித்தது பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் நடக்கிற தூரம்தான். லிட்டில் இந்தியாவும், 1833-இல் கட்டிய குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே இருக்கின்றன. சுற்றுலா பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. போர்ட் கிளாங் அதற்கு நேர்மாறு. அங்கிருந்து கோலாலம்பூர் போகவே ஒரு மணி நேரம் பிடிக்கும், நெரிசல் என்றால் இன்னும் கூட. இரட்டைக் கோபுரத்தின் முன் படம் எடுத்துவிட்டுத் திரும்ப ஒரு நாளை வீணாக்குவதற்கு நான் கப்பலிலேயே இருந்துவிடுவேன். எல்லோரும் இறங்கிப் போன பகலில்தான் குளமும் விளையாட்டுகளும் வரிசையில்லாமல் கிடைக்கும். மற்ற நாட்களில் முக்கால் மணி நேரம் நின்றதற்கெல்லாம் அன்றைக்கு நேரே போய் ஏறலாம்.

தாய்லாந்தின் புக்கெட்டில் பதோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நங்கூரம் போட்டு நின்றுவிடும். சின்ன டெண்டர் படகில் ஏறித்தான் கரைக்குப் போக வேண்டும். காலையில் முதல் இரண்டு மணி நேரம் தள்ளுமுள்ளு, அதன்பின் வரிசையே இருக்காது. கப்பலுக்கும் படகுக்கும் நடுவே ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும், படகோ ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஊழியர்கள் இருபக்கமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்றாலும் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள். இன்னொன்று, தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடுகிறது, உங்கள் தொலைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டது என்றால், அது 4 மணி காட்டும்போது கப்பலில் 5 ஆகியிருக்கும். கையில் பழைய கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பலே நடத்தும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், தனியாகப் போனவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

மலாக்கா ஜலசந்தியில் கப்பல் நகர்வதே தெரியாது. அந்தமான் கடலில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, லேசாக ஆடும். தலைசுற்றல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே போட்டால்தான் வேலை செய்யும். 24-ஆவது வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளைப் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். கப்பல் மருத்துவமனையின் பில் பயமுறுத்தும் என்பதால் காப்பீடு இல்லாமல் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் கட்டணத்தோடு முடியாது. துறைமுக வரி தனி. டிப்ஸ் தனி, ராயல் கரீபியனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலர் வாக்கில், குழந்தைகளுக்கும் சேர்த்து. நான்கு பேர் குடும்பத்துக்கு அதுவே ஒரு தொகை. மொத்தமாகப் பணம் கட்டும் மதுப் பொதியை அறையில் ஒருவர் வாங்கினால் மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு. குடிக்காதவர் உடன் வந்தால் தனித்தனியாக வாங்குவதே லாபம். ஏறியவுடன் தொலைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கப்பலின் கடல் நெட்வொர்க் ரோமிங்கில் பிடித்துக்கொண்டால் பில் எகிறிவிடும். வைஃபை வேண்டுமென்றால் வீட்டிலிருக்கும்போதே வாங்குங்கள், பெரும்பாலும் கப்பலில் விலை கூட.

ஊரிலிருந்து அம்மா அப்பாவை வரவழைப்பவர்களுக்கு: இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் தனியாகப் பாருங்கள், அடிக்கடி மாறுகிறது. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கப்பல் மலேசியா போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறார்கள் என்று அர்த்தம். விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள், திரும்புவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூரின் ஆன்லைன் வருகை அட்டையை (SG Arrival Card) மறுபடி நிரப்பிவிடுங்கள்.

கடைசி ராத்திரி பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு இறங்குவதாகச் சொன்னால் முதலில் விடுவார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். டாக்சி வரிசை நீளமாக இருந்தால், மெரினா பே கப்பல் முனையத்தில் இறங்குகிறவர்களுக்கு மெரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.