லா பாஸில் காத்திருக்கும் படகுக்கு மூன்று சாலைகள்

மெக்சிகோவின் பெருநிலப்பகுதிக்கும் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்துக்கும் நடுவிலுள்ள கலிபோர்னியா வளைகுடாவில் பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு வாழும் அமெரிக்க, கனடியத் தம்பதியர் பலர், கோடை வந்ததும் படகைக் கரையேற்றிவிட்டோ படகுத்துறையில் இறுகக் கட்டிவிட்டோ வடக்கே கிளம்பிவிடுகிறார்கள். வெயில் ஒரு காரணம். புயல் பெரிய காரணம். கிழக்குப் பசிபிக்கின் புயல் பருவம் மே 15 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. 2014 செப்டம்பரில் ஒடீல் புயல் தீபகற்பத்தின் தென்முனையில் கரையேறியபோது அதே கரையிலுள்ள லா பாஸ் ஊரின் விரிகுடாவில் நின்ற படகுகள் மூழ்கியதையும் கரையில் தூக்கி எறியப்பட்டதையும் அங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை. ஆகவே அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் வாரங்களிலோதான் திரும்பும் பயணம் அமைகிறது. பேட்டரி, தைத்துத் திருத்திய பாய், அடிப்பாகத்துக்கான வண்ணம், கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரத்துக்கான வடிப்பான்கள் என்று வண்டியில் கால் நீட்ட இடமில்லாமல் நிறைத்துக்கொண்டு இருவரும் எல்லையைக் கடக்கிறார்கள்.

எந்த வழியில் கடப்பது என்பதுதான் கேள்வி. திஹுவானாவிலிருந்து தீபகற்பத்தின் நீளம் முழுவதும் ஓடும் முதலாம் எண் நெடுஞ்சாலை. மெஹிகாலியிலிருந்து சான் ஃபெலிப்பே வழியாகத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையை ஒட்டி இறங்கி, நடுவழியில் முதலாம் எண் சாலையோடு சேரும் ஐந்தாம் எண் சாலை. நொகாலெஸ் வழியாகப் பெருநிலப்பகுதியில் இறங்கி, தொப்போலபாம்போ துறைமுகத்தில் வண்டியோடு கப்பலேறி லா பாஸுக்கு வரும் 15ஆம் எண் சாலை. எந்தச் சாலை அழகு என்றுதான் பெரும்பாலோர் விவாதிக்கிறார்கள். வண்டிக்குள் என்ன இருக்கிறது, படகேறிய பிறகு அந்த வண்டி எங்கே நிற்கப்போகிறது என்ற இரண்டு கேள்விகளே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் 15ஆம் எண் சாலை. ஓட்டுவதற்கு மூன்றிலும் இதுவே எளிது. பெரும்பகுதி நான்கு வழிக் கட்டணச் சாலை. எர்மொசியோ, குவாய்மாஸ், ஒப்ரெகோன் என்று பெட்ரோலும் பழுதுபார்ப்பும் கிடைக்கும் ஊர்கள் வரிசையாக வருகின்றன. நொகாலெஸிலிருந்து தொப்போலபாம்போவை அடுத்த லோஸ் மோச்சிஸ் வரை ஏறத்தாழ 770 கி.மீ.; அதன்பின் ஏழு மணி நேர அளவிலான கப்பல் பயணம். இருவரும் மாறி மாறி ஓட்டலாம், ஒருவர் நிம்மதியாகத் தூங்கலாம். இடையூறு தாளில் இருக்கிறது. சொனோரா மாநிலத்தில் குவாய்மாஸை அடுத்த எம்பால்மே வரை வெளிநாட்டு வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. அதற்கு வண்டியின் வயதைப் பொறுத்து 200 முதல் 400 டாலர் வரை வைப்புத்தொகை கட்ட வேண்டும். சுற்றுலாப் பயணியாக வருபவருக்கு அந்த அனுமதி 180 நாளோடு முடிந்துவிடும். அதற்குள் வண்டியை எல்லைக்குக் கொண்டுபோய் அனுமதியை முறைப்படி ரத்து செய்யாவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். படகில் ஏறித் தீவு தீவாகத் திரியப்போகிறவர்களுக்கு இது கழுத்தில் கட்டிய மணி. தீபகற்பத்திலோ வண்டிக்கு அந்த அனுமதி என்ற பேச்சே இல்லை. இவற்றோடு, தொப்போலபாம்போ இருக்கும் சினலோவா மாநிலத்துக்குப் போக வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை விடுத்திருக்கும் எச்சரிக்கையையும், குளிர்காலத்தில் வளைகுடாவில் வீசும் வாடைக்காற்று கப்பலை நாள்கணக்கில் நிறுத்தக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், லா பாஸுக்குப் போகிறவர் இந்த வழியைத் தேர்வதற்கு வலுவான காரணம் எதையும் நான் காணவில்லை. படகு பெருநிலக் கரையிலுள்ள சான் கார்லோஸிலோ குவாய்மாஸிலோ நின்றால் கதை தலைகீழ்: எல்லையிலிருந்து ஐந்தாறு மணி நேரத்தில், கப்பலும் அனுமதியும் இன்றிப் போய்ச் சேர்ந்துவிடலாம், வேறு வழியை யோசிக்கவே வேண்டாம்.

முதலாம் எண் சாலை 1973 டிசம்பரில் திறக்கப்பட்டது. திஹுவானாவிலிருந்து காபோ சான் லூக்காஸ் வரை 1,711 கி.மீ.; லா பாஸ் வரை சுமார் 1,500. இதைக் கடற்கரைச் சாலை என்று எல்லோரும் சொன்னாலும் கடலை ஒட்டி ஓடுவது சில துண்டுகளே: என்செனாடா வரையிலான கட்டணச் சாலை, சாந்தா ரொசாலியாவுக்கு அருகே கடலில் இறங்கும் ‘நரகச் சரிவு’ முதல் சில பகுதிகள், கான்செப்சியோன் விரிகுடா, லொரேட்டோவின் சுற்றுப்புறம். மற்றதெல்லாம் மலையும் பாலையும். ஆனாலும் கட்டாவீன்யாவில் வீட்டளவு பாறைகளுக்கு நடுவே தூண்கள்போல் எழும் கார்டோன் கள்ளிகளையும், தலைகீழாக நட்ட முள்ளங்கி போன்ற சிரியோ மரங்களையும் பார்த்தவர் கடல் இல்லையே என்று குறைப்பட மாட்டார். கான்செப்சியோன் விரிகுடாவில் சாலை மணலை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டே போகிறது. டிசம்பரில் நங்கூரம் போட எண்ணியிருக்கும் இடத்தை நவம்பரில் வண்டியின் சன்னலிலிருந்து நோட்டம் பார்க்கும் வாய்ப்பு 15ஆம் எண் சாலை வழியில் கிடையாது.

இந்தச் சாலையின் கடினம் அதன் அகலத்தில் இருக்கிறது. பல இடங்களில் ஒரு தடம் மூன்று மீட்டர்கூட வராது. ஓரத்தில் ஒதுங்க இடமில்லை, வெள்ளைக் கோட்டைத் தாண்டியதும் பள்ளம். எதிரே சரக்கு லாரி வரும்போது இரு வண்டிகளின் கண்ணாடிகளும் உரசுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்னால் போகும் லாரி இடப்பக்க விளக்கை மினுக்கினால், ‘முந்திக்கொள், பாதை காலி’ என்றும் பொருள், ‘நான் இடப்புறம் திரும்பப்போகிறேன்’ என்றும் பொருள். எது என்று தெரியும்வரை பின்னாலேயே போவதுதான் அறிவு. எல் ரொசாரியோவை விட்டால் 300 கி.மீ.க்கு மேல் பெட்ரோல் நிலையம் கிடையாது; கட்டாவீன்யாவில் பீப்பாயிலிருந்து ஊற்றி விற்பவர்களை நம்பலாம், ஆனால் அவர்களை மட்டுமே நம்பக் கூடாது. இரவில் மாடுகள் சாலையில் வந்து நிற்கும். ஆகவே பகலில் மட்டுமே ஓட்டுவது என்பது இங்கே எல்லோரும் பின்பற்றும் விதி; நவம்பரில் பகல் பதினொரு மணி நேரம்கூட இல்லை. கெரேரோ நெக்ரோவை ஒட்டி, தீபகற்பத்தின் இரு மாநிலங்களையும் பிரிக்கும் 28ஆம் இணைகோட்டைக் (அட்சரேகையைக்) கடக்கும்போது கடிகாரம் ஒரு மணி முன்னே நகர்கிறது. கோடையில் இரு மாநிலங்களுக்கும் ஒரே நேரம் என்பதால், ஜூனில் வடக்கே போனபோது இந்த வித்தியாசத்தைக் கவனித்திராதவர்கள் திரும்புகையில் விடுதி முன்பதிவிலும் இருட்டுக் கணக்கிலும் ஏமாறுகிறார்கள். வண்டியில் இருவர் இருந்தாலும் ஒருவர் தூங்குவதற்கில்லை. படகின் இரவுக் காவலைப்போல ஒருவர் ஓட்ட, மற்றவர் வளைவையும் கிலோமீட்டர் கல்லையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

ஐந்தாம் எண் சாலை இந்தக் கடினத்தில் முதல் மூன்றிலொரு பங்கைக் கழித்துவிடுகிறது. மெஹிகாலியிலிருந்து சான் ஃபெலிப்பே 190 கி.மீ. அளவு, உப்புப் படுகையை ஒட்டிய சமதளம். அங்கிருந்து புவெர்டெசீத்தோஸ், கொன்சாகா விரிகுடா வழியாகச் சப்பாலாவில் முதலாம் எண் சாலையைத் தொடும் பகுதி அண்மை ஆண்டுகளில்தான் முழுமையாகத் தார் கண்டது. சான் கின்டின் சமவெளியின் தக்காளி லாரிகளும் ஓயாத வேகத்தடைகளும் இங்கே இல்லை. இடப்புறம் கடலும் தீவுகளும் மணிக்கணக்காகக் கூடவே வருகின்றன. கடற்கரைப் பயணம் என்ற பெயருக்கு உண்மையில் தகுதியானது இதுதான். ஆனால் 2018 அக்டோபர் தொடக்கத்தில் ரோசா புயலின் எச்சமழை இச்சாலையின் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. மழை பெய்தால் இங்கே ஓடைகள்தாம் சாலையின் முதலாளி. ஆளரவமும் குறைவு, அச்சு முறிந்தால் உதவி வர நேரமாகும். பேட்டரிகளும் நங்கூரச் சங்கிலியுமாகப் பின்புறம் தாழ்ந்துபோன வண்டிக்கு, பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வோர் ஓடைக் குறுக்கும் ஒரு சோதனை.

எல்லையில் சுங்கத்துறையினர் பொருள்களைக் கேட்டால், படகின் பெயரிலுள்ள பத்தாண்டு இறக்குமதி அனுமதியின் நகலையும், பொருள்களின் விலைப்பட்டியலையும் காட்டுவது நல்லது. இது எல்லா வழிக்கும் பொருந்தும். மெக்சிகோவில் செல்லுபடியாகும் வண்டிக் காப்பீடும் அப்படியே. அமெரிக்கக் காப்பீடு அங்கே உதவாது.

என்னைக் கேட்டால், சுமை மிதமாகவும் கடந்த பத்து நாள் மழையில்லாமலும் இருந்தால் மெஹிகாலியில் காலையில் நுழைந்து ஐந்தாம் எண் சாலையைப் பிடிப்பேன். சான் ஃபெலிப்பேயில் தொட்டியை நிரப்பி, கொன்சாகாவில் தங்கி, மறுநாள் சப்பாலாவில் ஏறி சான் இக்னாசியோவின் பேரீச்சந்தோப்பில் இரவைக் கழிப்பேன். மூன்றாம் நாள் முலெகே அல்லது லொரேட்டோ, நான்காம் நாள் லா பாஸ். வண்டி பின்பக்கம் தாழ்ந்திருந்தாலோ வானம் கறுத்திருந்தாலோ திஹுவானாவே சரி. அப்போது முதல் இரவை எல் ரொசாரியோவுக்கு இப்பால் முடித்துக்கொண்டு, விடியும்போது தொட்டியை நிரப்பி அந்த 300 கி.மீ. வெற்றிடத்துக்குள் இறங்க வேண்டும்.